தகட்டில் வந்த மகாராஜா

ஆதிமூலத்தின் கோடுகளை நான் முதன்முதலில் துத்தநாகத் தகட்டில்தான் பார்த்தேன். அதுவும் இடவலம் மாறி. தாளில் நேராக விழ வேண்டுமானால் தகட்டில் எல்லாம் மாறித்தான் இருக்க வேண்டும் என்பதை பிளாக் கடைக்காரர் மகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மதுரையில் மாசி வீதியை ஒட்டிய ஒரு சந்தில் அப்பாவின் கடை. பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்குப் போகிற வழியில் கடை வரும். உள்ளே நுழைந்துவிட்டால் இருட்டிய பிறகுதான் வீடு. எழுபதுகளின் நடுவில் ஒருநாள், ஆசிட் தொட்டியிலிருந்து எடுத்த தகட்டை அப்பா குழாயடியில் அலசி, ஜன்னல் வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தார். கிரீடம் வைத்த ஓர் ஆள். மீசை இருந்தது, கழுத்து நிறைய நகை இருந்தது, முகம் மட்டும் பாதி கரைந்து போயிருந்தது. ஆசிட் கூடுதலாகத் தின்றுவிட்டதோ என்று பயந்துபோனேன். அப்பா மூலப்படத்தை எடுத்துக் காட்டினார். அதிலும் அப்படித்தான் இருந்தது.

"யாருப்பா வரைஞ்சது?"

"படத்தோட வந்த சீட்டுல ஆதிமூலம்னு இருக்கு. யாரு எவருன்னு தெரியலத்தா. ஆனா பிளாக்குக்குப் படம் போடத் தெரிஞ்ச ஆளு."

அப்பா ஓவியம் படித்தவர் இல்லை. உலகத்து ஓவியர்களையெல்லாம் அவர் இரண்டாகத்தான் பிரித்து வைத்திருந்தார்: பிளாக்குக்குப் போடத் தெரிந்தவர்கள், தெரியாதவர்கள். பேர்பெற்ற பத்திரிகை ஓவியர்கள் சிலர்கூட இரண்டாவது வரிசையில்தான் நின்றார்கள். முதல் வரிசையில் இடம் கிடைப்பது ஏன் அத்தனை கஷ்டம் என்று புரிய, அந்தத் தொழிலைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

லெட்டர்பிரஸ் காலத்தில் ஒரு படம் அச்சேற இரண்டு வழி இருந்தது. புகைப்படம், நீர்வண்ணம் போலச் சாம்பல் நிறங்கள் கலந்திருந்தால் ஹாஃப்டோன் பிளாக். கட்டம் போட்ட கண்ணாடித் திரை வழியாகப் படமெடுத்து, சாம்பலைப் புள்ளிகளாக உடைக்க வேண்டும். செலவு கூடுதல், வழுவழுப்பான தாளும் வேண்டும். நியூஸ்பிரிண்டில் அடித்தால் சேறாகிவிடும். வெறும் கோட்டுப் படமென்றால் லைன் பிளாக். விலை குறைவு, எந்தத் தாளிலும் விழும், ஈய எழுத்துகளோடு ஒரே ஃபாரத்தில் பூட்டி ஒரே அழுத்தத்தில் அடித்துவிடலாம். கையைக் கடித்துக்கொண்டு சிற்றிதழ் நடத்தியவர்கள் லைன் பிளாக்கைத்தான் நம்பியிருந்தார்கள். தமிழில் நவீன ஓவியம் வாசகர் வீட்டுக்குள் கோடாக நுழைந்ததற்கு அழகியல் காரணங்கள் எத்தனையோ சொல்கிறார்கள். எனக்குத் தெரிந்த காரணம், சதுர அங்குலத்துக்கு இவ்வளவு என்று அப்பா போட்ட பில்.

வரைந்த படத்தைப் பெரிய கேமராவின் முன் மாட்டி, பக்கத்துக்கு வேண்டிய அளவில் சுருக்கி நெகட்டிவ் எடுப்பார்கள். 16 கேஜ் துத்தநாகத் தகட்டில் முட்டை வெண்கருவும் பைக்ரோமேட்டும் சேர்ந்த கரைசலைப் பூசி, காய்ந்ததும் நெகட்டிவை மேலே அழுத்தி ஆர்க் விளக்கு காட்டினால், கோடு விழுந்த இடம் மட்டும் இறுகிக்கொள்ளும். மற்றது தண்ணீரில் கரைந்துவிடும். பிறகு நைட்ரிக் ஆசிட். ஆசிட்டுக்கு நேர் கீழே மட்டும் தின்னத் தெரியாது, பக்கவாட்டிலும் தின்னும். கோட்டின் அடியை அரித்துவிட்டால் பார்க்கக் கோடு நிற்பதுபோல் இருக்கும். மெஷினில் ஏறிக் கொஞ்சம் அழுத்தம் பட்டதும் ஒடிந்து விழும். அதனால் ஒரு கடி கடித்ததும் தகட்டை வெளியே எடுத்து, 'டிராகன்ஸ் பிளட்' என்ற சிவப்புப் பிசின் பொடியை நான்கு திசையிலிருந்தும் பிரஷ்ஷால் தள்ளிக் கோட்டின் பக்கச் சுவர்களில் படியவைத்து, சூடு காட்டி உருக்கி, மறுபடி ஆசிட்டில் இறக்குவார்கள். இப்படிக் கடி மேல் கடி. கடைசியில் மரக்கட்டையில் ஆணியடித்து, அச்செழுத்தின் உயரமான 0.918 அங்குலத்துக்குச் சரியாக நிறுத்தினால் வேலை முடிந்தது.

படத்தைச் சுருக்கும்போது கோடு மெலியும். கோடுகளுக்கு நடுவே இருக்கும் வெள்ளையும் மெலியும். நெருக்கி நெருக்கிப் போட்ட குறுக்குக்கோடுகள் அச்சில் மை அடைத்து ஒரே கறுப்புத் திட்டாகிவிடும். மயிரிழைக் கோடுகள் ஆசிட்டிலேயே அறுந்து போகும். இரண்டுக்கும் நடுவில் பிழைத்து வருகிற படம் அபூர்வம். ஆதிமூலத்தின் மகாராஜாவில் கோடுகள் காடாக மண்டிக் கிடந்தன. ஆனால் ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் அதற்கு வேண்டிய வெள்ளை விட்டுவைக்கப்பட்டிருந்தது. "இவரு கோட்டுக்கு ஆசிடே ஒதுங்கிப் போகும்" என்பார் அப்பா. அவரைப் பற்றி எந்த விமர்சகரும் இதைவிட நெருங்கி வந்து எழுதி நான் படித்ததில்லை.

பெயருக்குப் பின்னால் இருந்த ஆளை நான் தெரிந்துகொண்டது வெகுகாலம் கழித்து. கே.எம். ஆதிமூலம் 1938இல் திருச்சி மாவட்டத்தில், துறையூர்ப் பக்கமுள்ள கீராம்பூரில் பிறந்தவர். படம் வரையும் ஆசையோடு சென்னைக்கு வந்து, சிற்பி எஸ். தனபாலின் அரவணைப்பில் அரசு ஓவியக் கல்லூரியில் சேர்ந்து 1966இல் படிப்பை முடித்தார். கே.சி.எஸ். பணிக்கர் அங்கே முதல்வராக இருந்த காலம் அது. ஐரோப்பாவிலிருந்து கற்றதை வைத்துக்கொண்டு நம் கோவில் சிற்பத்திலும் சுவரோவியத்திலும் இருக்கும் கோட்டைத் தேடிப்போகும் வேகம் அந்தக் கல்லூரி முழுக்க இருந்தது. அதே 1966இல் பணிக்கரும் அவருடைய மாணவர்களும் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கினார்கள். ஆதிமூலம் நெசவாளர் சேவை மையத்தில் வேலை பார்த்துக்கொண்டே வரைந்தார். 1969இல் காந்தி நூற்றாண்டை ஒட்டி காந்தியை நூறு கோட்டோவியங்களாகப் போட்டார். எங்கள் கடைக்கு வந்த மகாராஜாக்கள் அதற்குப் பின்னால் பிறந்தவர்கள்.

இன்னொரு பக்கம் எழுத்தாளர்களோடு அவருக்கு இருந்த கூட்டு. ஞானக்கூத்தன், ந. முத்துசாமி, சா. கந்தசாமி போன்றவர்கள் சேர்ந்து 1970இல் தொடங்கிய கசடதபறவில் தொடங்கி, எத்தனையோ சிற்றிதழ்களுக்கும் புத்தகங்களுக்கும் அவர் படம் போட்டார்; அட்டை போட்டார்; தலைப்பெழுத்து எழுதிக் கொடுத்தார். அந்த எழுத்துகளில் கொம்பும் சுழியும் தங்களுக்குப் பிடித்த இடத்தில் கனத்து, பிடித்த இடத்தில் மெலியும். எழுத்தும் அவருக்குக் கோடுதான்.

சிற்றிதழ் சில நூறு பேரோடு நின்றுவிடும். எண்பதுகளில் ஜூனியர் விகடனில் கி. ராஜநாராயணன் 'கரிசல் காட்டுக் கடுதாசி' எழுதத் தொடங்கியபோது, அதற்குப் படம் போட்டவர் ஆதிமூலம். அதோடு அந்தக் கோடு டீக்கடை பெஞ்சுக்கும் சலூனுக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் வந்துவிட்டது. நவீன ஓவியம் என்றால் ஆளை விடுங்கள் சாமி என்று ஓடியிருக்கக்கூடியவர்கள், அது நவீன ஓவியம் என்று தெரியாமலே அந்தப் படங்களை ரசித்தார்கள். அம்மாவுக்குச் சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். திண்ணையில் குந்தியிருக்கும் ஒரு சம்சாரியின் படத்தைப் பார்த்து, "எங்க பெரிய மாமா உக்காந்திருக்கிற மாதிரியே இருக்கு, அதே முழங்கால்" என்றார். அந்த முழங்காலில் ஏழெட்டுக் கோடுகள்தான் இருந்தன.

தொண்ணூறுகளில் நான் சென்னையில் ஒரு பதிப்பகத்தில் லே-அவுட் வேலையில் இருந்தேன். அப்போதுதான் அவருடைய எண்ணெய் வண்ண ஓவியங்களை ஒரு கேலரியில் நேரில் பார்த்தேன். பெரிய பெரிய கித்தான்கள். ஆள் இல்லை, கிரீடம் இல்லை, முழங்கால் இல்லை. கத்தியால் இழுத்துப் படியவைத்த வண்ணங்கள் ஒன்றின்மேல் ஒன்று நகர்ந்து, வானமா வயலா என்று தீர்மானிக்க முடியாத வெளியாகப் பரந்து கிடந்தன. கறுப்பு வெள்ளையிலேயே அவரைப் பார்த்துப் பழகிய எனக்குக் கொஞ்ச நேரம் யார் வீட்டுக்குள் நுழைந்துவிட்டோம் என்று இருந்தது.

அந்த வாரம் அப்பா சென்னைக்கு வந்திருந்தார். அவரையும் கூட்டிப் போனேன். செருப்பை வாசலில் கழற்றப் போனவரைத் தடுத்து உள்ளே அழைத்துச் சென்றேன். ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"கோடு எங்கத்தா போச்சு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அவரே இன்னொரு சுற்றுப் போனார். ஒரு படத்தின் முன்னால் நின்று, காவியும் நீலமும் முட்டிக்கொள்ளும் இடத்தை விரலால் தொடாமல் காட்டினார். "இந்தா, இதுக்குள்ள ஓடுது பாரு. வரையாம விட்டுருக்காரு." பிறகு விலைச் சீட்டைப் பார்த்தார். பூஜ்யங்களை மெல்ல எண்ணினார். "இத பிளாக் போட முடியாதுத்தா. நாலு கலர் பிரிக்கணும், கட்டுபடியாகாது" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து செருப்பின் தூசியைத் தட்டினார்.

2008 ஜனவரியில், பொங்கல் சமயத்தில், ஆதிமூலம் காலமானார். நான் மதுரைக்கே திரும்பி, வீட்டிலிருந்தபடி புத்தகங்களுக்கு வடிவமைப்புச் செய்துகொண்டிருந்தேன். ஊரிலிருந்த இலக்கிய நண்பர்கள் சிலர் நினைவுக் கூட்டம் நடத்தத் தீர்மானித்தார்கள். பேசுகிறவர்கள் பட்டியல் தயாரானதும் என்னிடம் வந்தார்கள். "நீங்க ஒரு படம் வரைஞ்சு தாங்க. மேடையில வைப்போம்."

மேடையில் வைக்க என்றால், மாலை போட வசதியாக அவருடைய முகம் என்று பொருள். எனக்கு மனம் ஒப்பவில்லை. அவரை நான் நேரில் பார்த்ததே இல்லை. யாரோ எடுத்த புகைப்படத்தைப் பார்த்து, அவர் பாணிக் கோட்டிலேயே அவர் முகத்தைப் போடுவது, அவருடைய கையெழுத்தை நான் போட்டு அவருக்கே செக் கொடுப்பது மாதிரி.

அந்தப் பாணியில் போடுவது பெரிய வித்தையும் இல்லை. எண்பதுகளில் பாதித் தமிழ்நாடு போட்டது. பத்திரிகைக் கதைகளுக்கு நடுவே அந்தச் சிக்கல் கோடுகள் எங்கே பார்த்தாலும் தென்பட்டன. எட்டி நின்று பார்த்தால் கிறுக்கல் மாதிரி இருப்பதால் நாமும் கிறுக்கினால் வந்துவிடும் என்று தோன்றும். அடர்த்தி வந்துவிடும்தான். அந்த வெள்ளை வராது. அப்பாவின் மேஜைக்கு வந்த நகல்களெல்லாம் அச்சில் கறுப்புத் திட்டாக முடிந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அவருக்கு ஏதாவது செய்ய எனக்கு என்ன உரிமை என்று யோசித்தேன். கோடு அவருடையது. தகடு எங்களுடையது. அவர் எங்கள் வீட்டுக்குக் கேலரி வழியாக வரவில்லை; ஆசிட் தொட்டி வழியாக, நியூஸ்பிரிண்ட் வழியாக, கத்தரித்து வைத்த பத்திரிகைப் பக்கம் வழியாக வந்தார். செய்கிற மரியாதையும் அந்த வழியிலேயே போக வேண்டும் என்று பட்டது. சுவரில் மாட்டும் ஒற்றைப் படமாக இல்லாமல், லைன் பிளாக்காகச் செய்து, வந்தவர்கள் கையில் ஆளுக்கொன்று கொடுத்துவிடுவது. நண்பர்களிடம் சொன்னபோது, "அப்ப மேடையில என்ன வைக்கிறது?" என்று கேட்டார்கள். ஃபோட்டோ வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

எதை வரைவது என்பது, அழைப்பிதழ் வேலையாக ஒரு பிரஸ்ஸுக்குப் போனபோது தானாக அமைந்தது. ஆஃப்செட்டும் கம்ப்யூட்டரும் வந்த பின் ஊர் ஊராக டிரெடில் மெஷின்கள் பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போய்விட்டன. அப்பாவின் கடையும் அந்த அலையில்தான் மூடப்பட்டது. தப்பிப் பிழைத்த டிரெடில்கள் பில் புக்குக்கு நம்பர் போடவும், கிழிக்க வசதியாகத் துளை வரிசை போடவும், அட்டையில் மடிப்புத் தடம் பதிக்கவும் பயன்படுகின்றன. ஒரு காலத்தில் கவிதையும் கட்சி நோட்டீஸும் சினிமாப் பாட்டுப் புத்தகமும் அடித்த மெஷினுக்கு இப்போது ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்களை அடிப்பதுதான் வேலை. அந்த பிரஸ்ஸின் மூலையில் அப்படி ஒன்று இருந்தது. உச்சியில் வட்டமான மைத்தட்டு. பக்கத்தில் ஆளுயரத்துக்குக் கொஞ்சம் குறைவான சக்கரம். நீட்டிய கையாகத் தாள் பலகை. அதன் மேல் டீ கிளாஸும் யாரோ கழற்றி வைத்த சட்டையும். இத்தனை இருந்தும் அந்த மூலையில் அது உட்கார்ந்திருந்த தோரணை குறையவில்லை.

ஆதிமூலத்தின் மகாராஜாக்களும் அப்படித்தான் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களை அவர் கேலி செய்கிறாரா, அவர்களுக்காக இரங்குகிறாரா என்று சொல்லிவிட முடியாது. தலைப்பாகையும் ஆரமும் வாளின் பிடியும் அத்தனை கவனமாக இழைக்கப்பட்டிருக்கும். அவற்றைத் தாங்கும் உடம்போ கோடு கோடாகப் பிரிந்துகொண்டிருக்கும். அதிகாரத்தின் உடுப்பு அசையாமல் நிற்க, உள்ளே இருந்தவர் மெல்லக் காலியாகிக்கொண்டிருப்பார். இந்த வரிசையில் அவர் வரையாத ராஜா ஒருவர் அந்த பிரஸ்ஸில் பாக்கி இருந்தார்.

மெஷினுக்கு மீசையும் கண்ணும் வைக்கக் கூடாது என்பதை மட்டும் முதலிலேயே முடிவு செய்துகொண்டேன். வைத்தால் கார்ட்டூனாகிவிடும். இரும்பு இரும்பாகவே இருக்கட்டும், உட்காரும் விதம் மட்டும் ராஜா. மைத்தட்டு அதன் போக்கில் கிரீடமாகிக்கொள்ளும்.

கார்ட்ரிட்ஜ் தாள், இண்டியன் இங்க், தொட்டு வரையும் நிப். கம்ப்யூட்டரில் வேலை செய்து பழகிய கைக்கு, அழித்துவிட்டுப் பின்னால் போக வழியில்லாத ஒரு கருவி. நிப்பை அழுத்தினால் இரண்டு முனையும் விரிந்து கோடு தடிக்கும், விட்டால் மெலியும். தாளைத் தொடும்முன்பே எங்கே அழுத்துவது, எங்கே விடுவது என்று கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். அச்சுக்கு இரண்டு மடங்கு பெரிதாக வரைந்தேன். பக்கத்தில் நாற்காலி போட்டு அப்பா உட்கார்ந்துகொண்டார்.

"கோடு எவ்வளவு கனமோ அந்த அளவு வெள்ளையாவது பக்கத்துல இருக்கணும். இல்லேன்னா அடச்சுக்கும்."

இந்த ஒரு விதிக்குக் கட்டுப்பட்டதும் வரைவதே வேறு வேலையாகிவிட்டது. நிழலுக்காகக் கோடுகளை நெருக்க முடியாது. அப்படியானால் சக்கரத்தின் உருட்சியை எப்படிக் காட்டுவது? உருளையின் பளபளப்பை? கோட்டைத் திருப்பித்தான் காட்ட வேண்டும். உருண்ட இடத்தைச் சுற்றிக்கொண்டு போகிற கோடு, விளிம்பு வந்ததும் திசை மாற வேண்டும். இரும்பு கனக்கும் இடத்தில் தானும் கனக்க வேண்டும். இதைச் செய்யச் செய்யத்தான் அவருடைய காந்திப் படங்கள் எனக்குப் பிடிபட்டன. காந்தியின் உடம்பில் தசை குறைவு. எலும்பும் துணியும்தான். எலும்பின் மேட்டில் கோடு வளைந்து இறங்கும், துணியின் மடிப்பில் திரும்பிக்கொள்ளும்; நடுவில் விட்ட வெள்ளையே மேல் துண்டாகிவிடும். கோட்டை நிழலுக்குப் பயன்படுத்தாமல், உடம்பின் மேல் நடக்கவிட்டிருக்கிறார். இத்தனை வருடமாகப் பார்த்திருந்தும், என் கை ஓர் இரும்புச் சக்கரத்தின் மேல் நடந்து பார்த்த பிறகுதான் அது எனக்குத் தெரிந்தது. ஒருவரை மெச்சுவதில் இது ஒரு வகை லாபம். அவர் செய்ததைத் திருப்பிச் செய்யாமல், அவர் ஏற்றுக்கொண்ட கட்டுப்பாட்டுக்குள் நாமும் போய் நின்று பார்த்தால், அவர் எடுத்த முடிவுகள் ஒவ்வொன்றாகத் தெரியவரும்.

ஓர் இடத்தில் மட்டும் அவருடைய ராஜாக்களிடமிருந்து விலகினேன். அவர்கள் கரைவது வெறும் கோடாக. என் டிரெடில் கால் பக்கம் கரையும்போது, கோடுகள் கொம்பாகவும் சுழியாகவும் துணைக்காலாகவும் புள்ளியாகவும் உடைந்து தரையில் சிதறுவதாக வரைந்தேன். அச்சுக்கோப்பவர் கைதவறிக் கொட்டிவிட்ட எழுத்துகள். அவர் எழுதிய தலைப்பெழுத்துகளுக்கும் படத்தில் ஓர் இடம் வேண்டும் என்று தோன்றியது.

வரைந்து முடித்ததும் அப்பா முகம் பார்க்கும் கண்ணாடியைக் கொண்டுவரச் சொன்னார். படத்தைக் கண்ணாடியில் காட்டித்தான் பார்த்தார். வாழ்நாளெல்லாம் மாறிய படங்களைப் பார்த்த கண்ணுக்கு அதுதான் நேர்.

"ராசா ஒரு பக்கமாச் சாயுறாரு."

"சாயட்டும்ப்பா."

"சாயணும்னு சாஞ்சாச் சரி" என்று கண்ணாடியைத் திருப்பித் தந்தார்.

லைன் பிளாக்கெல்லாம் இப்போது எங்கே கிடைக்கும் என்று கேட்கலாம். கல்யாணப் பத்திரிகை இருக்கும்வரை கிடைக்கும். பத்திரிகையில் தங்க நிறத்தில் பளபளக்கும் பிள்ளையாருக்கும், தொட்டால் புடைத்துத் தெரியும் மணமக்கள் பெயருக்கும் உலோக பிளாக் வேண்டும். அப்படியொரு கடையை அப்பாவே விசாரித்துக் கண்டுபிடித்தார். கடையிலிருந்த இளைஞர் படத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பாயிலாக்கா, எம்போஸா?"

"ரெண்டும் இல்ல தம்பி. மை வச்சு அடிக்க."

"மை வச்சா?" அவர் அப்பாவைப் பார்த்தார். "கல்யாண வீடா ஐயா?"

"நெனைவுக் கூட்டம். ராசா ஒருத்தருக்கு" என்றார் அப்பா.

"ராஜா எங்க இருக்காரு இதுல?"

அப்பா அதற்குப் பதில் சொல்லவில்லை. ஆசிட் அறையைப் பார்க்க வேண்டும் என்றார். உள்ளே தொட்டி இல்லை. மூடிய மெஷின் ஒன்று ஆசிட்டைத் தகட்டின் மேல் வாரி அடித்துக்கொண்டிருந்தது. கோட்டின் பக்கச் சுவரைக் காக்கும் சரக்கை ஆசிட்டிலேயே கலந்துவிடுகிறார்கள். சிவப்புப் பொடி இல்லை, பிரஷ் இல்லை, சூடு காட்டுவதில்லை. "ஒரே கடியா?" என்று அப்பா கேட்ட குரலில், தன் உழைப்பெல்லாம் எதற்கு என்ற கேள்வியும் இருந்தது. தகடு வந்ததும் லென்ஸை வாங்கி ஒவ்வொரு கோட்டின் அடியையும் பார்த்தார். கொம்பும் சுழியும் சிதறிக் கிடக்கும் இடத்தில் அதிக நேரம் நின்றார். "பரவாயில்ல. நல்லாத்தான் நிக்குது" என்று இளைஞரின் தோளைத் தட்டினார்.

அச்சடித்தது, நான் பார்த்து வரைந்த அதே டிரெடிலில். பிரஸ்காரருக்கு முதலில் விருப்பமில்லை. நம்பரிங்குக்குப் பழகிவிட்ட மெஷின், ரோலர்கள் இறுகிப்போயிருக்கின்றன, நீங்கள் ஆஃப்செட்டிலேயே அடித்துக்கொள்ளலாமே என்றார். அங்கே வேலை பார்த்த வயதான மெஷின்மேன்தான் அவரைச் சம்மதிக்க வைத்தார். மைத்தட்டை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, இன்னொரு பிரஸ்ஸிலிருந்து நல்ல ரோலர்களை இரவல் வாங்கி வந்து மாட்டினார். பிளாக்கைச் சட்டத்தில் பூட்டி, மிதித்து, முதல் தாளை எடுத்தார். சக்கரம் இருந்த பக்கம் மங்கலாக விழுந்தது. ஒரு வார்த்தை பேசாமல், தாள் உட்காரும் தகட்டின் உறைக்குள் டிஷ்யூ தாளைக் கிழித்து அந்த இடத்துக்கு மட்டும் ஒட்டினார். இன்னொரு தாள், இன்னொரு ஒட்டு. மேக்ரெடி என்று அதற்குப் பெயர்; எந்த இடத்தில் எவ்வளவு அழுத்தம் என்று தாளின் தடிமனில் கணக்குப் பார்ப்பது. நிப்பை வைத்து நான் பார்த்த அதே கணக்கை அவர் டிஷ்யூ தாளில் பார்த்துக்கொண்டிருந்தார். கறுப்பு சீராக விழத் தொடங்கியதும் மிதியின் வேகம் கூடியது. தன் படத்தைத் தானே அடித்துத் தள்ளிக்கொண்டிருந்தது மெஷின். "நம்ம வண்டியாக்கா இது?" என்று மெஷின்மேன் ஒரு தாளை எடுத்து விளக்கடியில் பார்த்தார். பிறகு, "பெடல் கொஞ்சம் நீளமா விழுந்துருக்கு" என்றார். சரிதான். ராஜாவின் கால் நீளமாக இருக்கட்டும் என்று நான்தான் நீட்டியிருந்தேன்.

நியூஸ்பிரிண்டில் சில நூறு பிரதிகள். தாளின் பின்பக்கத்தைத் தடவினால் கோடுகள் விரலில் தட்டுப்படும். கூட்டத்தன்று வாசலில் மேஜை போட்டு அடுக்கி வைத்தோம். மேடையில் ஃபோட்டோவுக்கு மாலை விழுந்தது. கீழே இருந்தவர்கள் ராஜாவை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்கள். விசிறிக்கொண்டவர்களும் உண்டு. பழைய அச்சுக்கோப்பாளர் ஒருவர் தரையில் சிதறிய எழுத்துகளைப் பார்த்துவிட்டு, எந்தப் பாயிண்ட் எழுத்து என்று என்னிடம் விசாரித்தார்.

கலைப்பொருள் வியாபாரம் தெரிந்த நண்பர் ஒருவர் பின்னர் ஒரு யோசனை சொன்னார். நல்ல கையால் செய்த தாளில் ஐம்பது பிரதி மட்டும் அடித்து, ஒவ்வொன்றிலும் எண் போட்டுக் கையெழுத்திட்டு, பிறகு தகட்டின் குறுக்கே ஒரு கீறல் போட்டுவிட வேண்டும். இனி அச்சாகாது என்று தெரிந்தால்தான் விலை நிற்கும். அச்சோவியர்களிடையே நெடுங்காலமாக இருக்கும் வழக்கம்தான் அது. அதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் எங்கள் கடையில் தகட்டைக் கீறுவதென்பது கேள்விப்படாத காரியம். திரும்பவும் அடிக்கக் கூடாதென்றால் பிளாக் எதற்கு? ஆதிமூலத்திடம் இரண்டு வழியும் இருந்தன. எண்ணெய் வண்ணங்கள் வாங்க முடிந்தவர்களின் சுவருக்குப் போயின. கோடுகள் ஒரு பத்திரிகையின் விலைக்கு யார் வீட்டுக்கும் போயின. ஒன்றுக்காக மற்றதை அவர் கைவிடவில்லை. நான் கடன்பட்டிருப்பது அந்த இரண்டாவது வழிக்கு.

அதனால் பிளாக் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஒரு சிற்றிதழ் அட்டையில் வந்தது. ஓய்வுபெற்ற அச்சுத் தொழிலாளர்கள் கூடிய ஒரு நிகழ்ச்சியின் நோட்டீஸில் வந்தது. அந்த பிரஸ்காரரே, ஆரம்பத்தில் ஆஃப்செட்டுக்குப் போகச் சொன்னவர், தன் கடையின் பில் புக்கில் மேல் மூலையில் ராஜாவைச் சின்னதாகப் போட்டுக்கொள்ள ஆசைப்பட்டார். அந்த அளவுக்குச் சுருக்கினால் வெள்ளை அடைத்துக்கொள்ளும் என்று அப்பா மறுத்துவிட்டு, பெரிதாகவே போட்டுக்கொள்ளச் சொன்னார். பில்லில் தொகை எழுதும் இடம் சுருங்கிப்போனது, பிரஸ்காரர் கவலைப்படவில்லை. படத்தின் கீழே என் பெயர் வேண்டுமா என்று கேட்கிறார்கள். வேண்டுமானால் போடுங்கள், ஆதிமூலம் பெயரை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்கிறேன். வாடகை கிடையாது. மையைத் துடைத்துத் திருப்பித் தர வேண்டும், அவ்வளவுதான்.